பயில்வான் காமாவின் தேகம்

மதகடிப்பட்டில் செவ்வாய்க்கிழமைதோறும் கூடும் சந்தையை நம் நேயர்களிற் பலர் கண்டிருப்பர். புதுச்சேரியிலிருந்து விழுப்புரம் செல்லும் சாலையில், முதலாம் இராஜராஜன் காலத்துக் குண்டாங்குழி மகாதேவர் கோயிலைத் தன்னகத்தே கொண்ட அவ்வூருக்கு, மாடு வாங்குவோரும் விற்போரும் விடியுமுன்னரே வந்து சேர்ந்துவிடுவர். அங்கு மாடு பிடிக்க வந்த முதியவர் ஒருவர், ஒரு காளையின் திமிலையும் தோளையும் தடவிப் பார்த்து, இது வண்டி இழுத்த மாடு, ஏர் உழுததன்று என்று கணநேரத்திற் சொல்லிவிட்டதை நாம் அருகில் நின்று கேட்டோம். செய்த வேலை உடம்பில் எழுதப்பட்டுவிடுகிறது என்பதும், ஒரு வேலைக்குப் பழகிய உடம்பு பிறிதொரு வேலைக்கு அப்படியே உதவாது என்பதும் அவருக்குப் புத்தகம் படித்து வந்த ஞானமல்ல.

அதே சந்தையோரத்திலிருந்த ஒரு தேநீர்க் கடையில் நாம் சந்தித்த வாலிபன் ஒருவனின் செய்தி வேறு விதமானது. குஸ்தியில் பேரவா கொண்டவன். காமா பயில்வான் நாளொன்றுக்கு ஐயாயிரம் பஸ்கி போட்டார் என்று எங்கோ கேள்விப்பட்டு, தானும் ஆயிரமாவது போட்டே தீருவதென்று ஒரே நாளில் முனைந்திருக்கிறான். ஐந்நூறைத் தாண்டியபோது கால்கள் நடுங்கின, எனினும் விடவில்லை. மறுநாள் தொடைகள் வீங்கின. அதற்கு மறுநாள் சிறுநீர் தேயிலைக் கஷாயம் போல் கறுத்துப் போயிற்று. ஆஸ்பத்திரியிற் சேர்த்து நரம்பு வழியே நீரேற்றிப் பிழைக்க வைத்தனர். பழக்கமற்ற தசையை அளவு கடந்து வருத்தினால் அது சிதைந்து, அதனுள்ளிருக்கும் பொருள் இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தை அடைத்துவிடும். சிலர் இதனால் உயிரையே இழந்ததுண்டு. அவன் இப்போது நலமாயிருக்கிறான். ஆனால் காமாவின் பெயரைச் சொன்னாலே அவன் தாயார் முகம் சுளிக்கிறார்.

அந்தத் தாயாரின் கோபம் காமாவின்மேற் செல்வது நியாயமன்று. நம் வாலிபர்களுக்குக் காமாவைப் பற்றிக் கிடைப்பதெல்லாம் சில எண்களே. அந்த எண்களை அவர் எத்தனை ஆண்டுகளில், எவ்வகை உணவோடும் ஓய்வோடும் எட்டினார் என்பதை யாரும் சொல்வதில்லை. ஆகவே அப்பெருமகனின் சரித்திரத்தை இவ்விடத்தில் எடுத்துரைக்க விரும்புகிறோம்.

குலாம் முகம்மது என்பது அவருடைய இயற்பெயர். 1878-ஆம் ஆண்டில், குஸ்தியையே குலத்தொழிலாகக் கொண்ட ஒரு காஷ்மீர முஸ்லிம் குடும்பத்திற் பிறந்தார். பஞ்சாபில் அமிருதசரஸைச் சேர்ந்த சிற்றூரொன்றே அவருடைய பிறப்பிடம் என்பர். தந்தை அஜீஸ் பக்ஷும் பெயர் பெற்ற பயில்வான். குழந்தைக்கு ஆறு வயதாகும்போது தந்தை இறந்தார். தாய்வழிப் பாட்டனாரும், அவருக்குப் பின் மாமனும் பிள்ளையை எடுத்து வளர்த்தனர். இருவரும் கோதாவில் மண் பூசியவர்களே. எனவே சிறுவன் நடக்கத் தொடங்கிய நாள் முதல் அவன் கண்டது தண்டாலும் பஸ்கியுமே. பத்து வயதை எட்டுமுன் நாளொன்றுக்கு ஐந்நூறு தண்டாலும் ஐந்நூறு பஸ்கியும் போடுமளவு பழகிவிட்டான் என்று அவர் வரலாற்றை எழுதினோர் கூறுவர். அவ்வெண்ணிக்கை ஒரே நாளில் வந்ததன்று. நாலைந்து ஆண்டுகளாகச் சிறிது சிறிதாக ஏறி வந்தது.

1888-இல் ஜோத்பூர் மகாராஜா ஒரு விசித்திரமான போட்டியை ஏற்படுத்தினார். குஸ்தி பிடிப்பதன்று, யார் அதிகமாகப் பஸ்கி போடுகிறார் என்பதே போட்டி. நாட்டின் பல பாகங்களிலிருந்தும் நானூற்றுக்கு மேற்பட்ட பயில்வான்கள் வந்து கூடினர். ஒவ்வொருவராகக் களைத்து விலக, இறுதியில் பதினைந்து பேர் நின்றனர். அவர்களுள் ஒருவன் பத்து வயதுச் சிறுவன் காமா. வயதைக் கருதி மகாராஜா அவனையே முதல்வன் என்று அறிவித்தார். அதன் பின்னர்ப் பல நாட்கள் சிறுவன் படுக்கையை விட்டு எழ முடியாமற் கிடந்தான் என்றும் சொல்வதுண்டு. ஜோத்பூர்க் கதையை நம் வாலிபர்களுக்குச் சொல்பவர்கள் வெற்றியைச் சொல்கிறார்கள், படுக்கையைச் சொல்வதில்லை.

பிறகு ததியா சமஸ்தானத்து அரசர் காமாவைத் தம் ஆதரவில் ஏற்றுக்கொண்டார். இது அவர் வாழ்வில் ஒரு திருப்பம். வயிற்றுக்கு உழைக்க வேண்டிய கவலை ஒழிந்தது. பாலும் நெய்யும் பாதாமும் தட்டின்றிக் கிடைத்தன. எண்ணெயும் மஞ்சளும் மோரும் கலந்து பதப்படுத்திய கோதா மண், உடம்பு பிடித்துவிட ஆட்கள், வேண்டியமட்டும் தூக்கம், எல்லாம் அமைந்தன. இத்தகைய வாழ்வில் ஆண்டுதோறும் பயிற்சியை உயர்த்திக் கொண்டே போய், முழுப் பருவத்தில் நாள்தோறும் மூவாயிரம் தண்டாலும் ஐயாயிரம் பஸ்கியும், அவற்றோடு சுமார் நாற்பது பயில்வான்களுடன் முறைவைத்துக் குஸ்தியும் என்ற நிலையை எட்டினார் என்பது வழக்கு. எண்ணிக்கை சற்றுக் கூடக்குறைய இருக்கலாம். பழக்கத்தின் தன்மை பற்றி ஐயமில்லை.

இப்பயிற்சியை இன்றைய சாஸ்திர அறிவு கொண்டு நோக்குவோம். நிமிடத்துக்கு இருபத்தைந்து வீதம் போட்டாலும் ஐயாயிரம் பஸ்கிக்கு மூன்று மணி இருபது நிமிடம் பிடிக்கும். மூன்று மணி நேரத்துக்கு மேல் இடைவிடாது செய்யக்கூடிய வேலை, அந்த மனிதனுக்கு மிகக் கடுமையான வேலையாக இருக்க முடியாது. பார்ப்பவருக்கு அது அசுர சாதகம். பழகிய காமாவுக்கோ மூச்சு முட்டாத மிதமான உழைப்பு. இத்தகைய நீண்ட மிதமான உழைப்பில், தசைகள் காற்றிலுள்ள பிராணவாயுவைக் கொண்டே எரிபொருளை எரித்துச் சக்தி பெறுகின்றன. மாதக்கணக்கில் இது தொடர்ந்தால் இருதயத்தின் அறை விரிந்து ஒவ்வொரு துடிப்பிலும் அதிக இரத்தத்தைத் தள்ளுகிறது. ஓய்வு வேளையில் நாடி நிதானமாகிறது. தசையிழைகளைச் சுற்றி நுண்ணிய இரத்தக் குழாய்கள் புதிதாக முளைக்கின்றன. இழைகளுக்குள்ளே மைட்டோகாண்டிரியா எனப்படும் நுண்ணுலைகள் பெருகுகின்றன. களைக்கும் நேரம் தள்ளிப் போகிறது.

கோதாவில் எதிரியைத் தூக்கி எறியும் கணம் முற்றிலும் வேறானது. அங்கே பத்துப் பதினைந்து விநாடிக்குள் முழு வலிமையும் வெளிப்பட வேண்டும். பிராணவாயு வந்து சேர அவகாசமில்லை. தசை தன்னுள் முன்னரே சேர்த்து வைத்திருக்கும் பாஸ்பேட் பொருளைச் செலவிடும். அது தீர்ந்தால் சர்க்கரையைப் பிராணவாயுவின்றியே உடைக்கும். அதன் விளைவாகத் தசையில் புளிப்புத்தன்மை ஏறி, கைகால்கள் எரிந்து மரத்துப் போகும். இந்தக் கடுமையைத் திரும்பத் திரும்ப அனுபவித்த தேகம் அப்புளிப்பைத் தாங்கவும் விரைவில் அகற்றவும் கற்றுக்கொள்கிறது. நாற்பது பேருடன் மாறி மாறிப் பிடித்த குஸ்தி காமாவுக்கு இதைக் கற்பித்தது.

மூன்றாவது, பளு. பெருங்கல் வளையம் ஒன்றைக் கழுத்திலே மாட்டிக்கொண்டு காமா பஸ்கி போடுவதுண்டு. ஏறக்குறைய 95 கிலோ எடையுள்ள அவ்வளையம் பாட்டியாலாவிலுள்ள தேசிய விளையாட்டுக் கழகத்தின் காட்சிசாலையில் வைக்கப்பட்டிருக்கிறது. பளுவைத் தூக்கத் தொடங்கியவனுக்கு முதற் சில வாரங்களில் தசை பருப்பதில்லை. எனினும் பலம் கூடுகிறது. உறங்கிக் கிடந்த இழைகளையெல்லாம் ஒருங்கே எழுப்ப நரம்புகள் கற்றுக்கொள்வதே அதன் காரணம். தசை பருப்பது பிறகுதான். தசைநாணும் எலும்பும் உறுதிப்படுவது அதற்கும் பிறகு. தசைக்கு வந்துவிட்ட பலத்தை நம்பி, நாண் முதிருமுன் பெரும்பளுவில் இறங்கியவர்களே முழங்காலையும் முதுகையும் முறித்துக் கொள்கிறவர்கள். கன்றை முதல் நாளே பாரவண்டியிற் பூட்டும் உழவன் நம் பக்கத்தில் இல்லை. மகனை அப்படிப் பூட்டுகிற ஆசான்கள் மட்டும் இருக்கிறார்கள்.

இருதயத்தின் விஷயத்திலும் ஒரு சுவையான ஆராய்ச்சியுண்டு. 1975-இல் அமெரிக்காவில் மார்கன்ராத் முதலிய மருத்துவர்கள், ஓட்டக்காரர், நீச்சல்காரர் ஆகியோரின் இருதயத்தையும், மல்லர், குண்டெறிவோர் ஆகியோரின் இருதயத்தையும் ஒப்பிட்டனர். முன்னவர்க்கு இருதய அறை விரிந்தும், பின்னவர்க்கு இருதயச் சுவர் தடித்தும் இருக்கக் கண்டனர். இவ்வேற்றுமை அவ்வளவு கூர்மையானதன்று எனப் பின்வந்தோர் திருத்தினர். எனினும் உழைப்பின் வகைக்கேற்ப உள்ளுறுப்பும் மாறுமென்ற கருத்து நிலைத்துவிட்டது. நீண்ட பஸ்கியும் பெருங்கல்லும் ஒருங்கே பயின்ற காமாவின் இருதயத்தை அவர்கள் பார்த்திருந்தால் என்ன எழுதியிருப்பரோ!

பரோடாவில் 1902-இல் அவர் 1,200 கிலோக் கல்லொன்றைத் தூக்கினார் என்ற கதையைப் பற்றி ஒரு வார்த்தை. அக்கல் இன்றும் அங்குள்ள காட்சிசாலையில் இருக்கிறது. மனித முதுகெலும்பு தாங்கும் பாரத்தை அறிந்தவர் எவரும் அக்கதையை அவ்வாறே ஒப்புக்கொள்ளத் தயங்குவர். காமாவின் புகழுக்கு இத்தகைய முட்டுக்கால்கள் வேண்டியதில்லை.

பதினேழு வயதிலேயே அவர், ஏறத்தாழ ஏழடி உயரமுள்ள ரகீம் பக்ஷ் சுல்தானிவாலா என்னும் பெரும்பயில்வானை எதிர்த்து நின்றார். காமாவின் உயரமோ ஐந்தடி ஏழு அங்குலம். மூக்கிலும் காதிலும் இரத்தம் வடிய நெடுநேரம் போராடினார். குஸ்தி வெற்றி தோல்வியின்றி முடிந்தது. அன்றிலிருந்து ரகீம் பக்ஷைத் தவிர நாட்டில் அவருக்கு நிகரானோர் இல்லையென்பது பிரசித்தமாயிற்று.

1910-ஆம் ஆண்டு வந்தது. நம் தேச சரித்திரத்தில் அது இருண்ட ஆண்டு. வ.உ. சிதம்பரம் பிள்ளை கோயமுத்தூர்ச் சிறையில் இருந்தார். அரவிந்தர் ஏப்ரலில் புதுச்சேரிக் கரையில் வந்திறங்கினார். இலண்டனில் சவர்க்கார் கைதியானபின் வ.வே.சு. ஐயர் அங்கிருந்து தப்பி, அவ்வாண்டிலேயே புதுச்சேரியை அடைந்தார். இங்கே வாலிபர்களுக்குத் தேகப் பயிற்சியை ஒரு விரதமாகவே புகட்டினார். ஐயர் விட்டு வந்த அந்த இலண்டன் மாநகரில், சில மாதங்களுக்குள், தம்பி இமாம் பக்ஷுடன் காமா போய் இறங்கினார். வங்காளச் செல்வர் ஒருவர் பயணச் செலவை ஏற்றார்.

உயரம் போதாதென்று இலண்டன் போட்டியில் அவருக்கு இடம் மறுக்கப்பட்டது. எந்த மூன்று பயில்வான்களாயினும் முப்பது நிமிடத்துக்குள் வீழ்த்திக் காட்டுவதாக அவர் அறைகூவினார். வெற்றுப் பேச்சென்று எண்ணி எவரும் முன்வரவில்லை. இறுதியில் அமெரிக்கரான டாக்டர் ரோலர் ஒப்புக்கொண்டார். அவர் மருத்துவரும் மல்லருமாவார். ஆகஸ்டு மாதத்தில் நடந்த அப்போட்டியில் முதன்முறை இரண்டு நிமிடத்துக்குள்ளும், மறுமுறை பத்து நிமிடத்துக்குள்ளும் ரோலரின் தோள்கள் தரையைத் தொட்டன. இமாம் பக்ஷும் சுவிட்சர்லாந்துப் பயில்வான் ஜான் லெம்மை வென்றார்.

செப்டம்பர் 10-ஆம் தேதி, போலந்து நாட்டு மகாமல்லர் ஸ்பிஸ்கோவுடன் காமா கோதாவில் இறங்கினார். தொடங்கிய ஒரு நிமிடத்துக்குள் ஸ்பிஸ்கோ கீழே தள்ளப்பட்டார். தள்ளப்பட்டவர் பிறகு எழ மனங்கொள்ளவில்லை. கைகளையும் முழங்கால்களையும் தரையில் ஊன்றி, ஆமைபோல் உடலைச் சுருக்கிக் கொண்டு, இரண்டரை மணி நேரத்துக்கு மேலாக அப்படியே கிடந்தார். காமாவைவிடக் கனத்த அந்த உடம்பைப் புரட்ட அவர் செய்த உபாயங்கள் பலிக்கவில்லை. ஆட்டம் முடிவின்றி நின்றது. மறு வாரம், 17-ஆம் தேதி, மீண்டும் சந்திப்பதென ஏற்பாடு. ஸ்பிஸ்கோ வரவேயில்லை. காமாவே வென்றவரென்று அறிவித்து ஜான்புல் கச்சையை அளித்தனர்.

அந்த இரண்டரை மணி நேரத்தை வெற்றி என்று நாம் பறைசாற்றப் போவதில்லை. ஆனால் அதுவரை முயன்றும் காமாவின் மூச்சு நிலைகுலையவில்லை என்பது கவனிக்கத் தக்கது. ததியாவில் இட்ட ஐயாயிரம் பஸ்கியின் பலன் அன்று தெரிந்தது. கால வரம்பற்ற குஸ்திக்காக வளர்க்கப்பட்ட உடம்பு அது.

அதே வேளையில் கோயமுத்தூரில் நடந்ததையும் சொல்லாமல் தீராது. சிதம்பரம் பிள்ளையும் உழைத்தார், செக்கிழுத்தார். வேலையின் அளவை மட்டும் பார்த்தால் அதுவும் ஒரு பயிற்சியே அல்லவா என்று ஒரு மூடன் கேட்கக்கூடும். பயிற்சி தசையைச் சிறிது சிதைக்கிறது. உணவும் உறக்கமும் அதைப் பழைய நிலைக்கு மேலாகக் கட்டி எழுப்புகின்றன. தேகம் வளர்வது உழைக்கும்போதன்று, உழைத்து ஓயும்போது. சிறைக்கூழும் சிறைத் தரையும் சிதைந்ததைக் கட்டுவதற்குப் போதா. அரசர் ஆதரவில் உழைத்தவர் இரும்பானார். அன்னிய அரசின் தண்டனையில் உழைத்தவர் 1912-இல் வெளிவந்தபோது உடல் நைந்திருந்தார். வீட்டில் அரைவயிற்றுக் கஞ்சி குடித்துக் காமாவின் எண்ணிக்கையைத் துரத்தும் ஏழைப் பிள்ளைகள் எந்தப் பக்கத்தில் நிற்கிறார்கள் என்பதை அவர்களுடைய ஆசான்மார் எண்ணிப் பார்க்கவேண்டும்.

இங்கிலாந்திலிருந்து திரும்பிய காமா, அலகாபாத்தில் ரகீம் பக்ஷை மீண்டும் சந்தித்து வென்றார். அதன் பிறகு பல ஆண்டுகள் அவரை எதிர்க்க ஆளில்லை. 1928 ஜனவரியில் பாட்டியாலா மகாராஜாவின் ஏற்பாட்டில் ஸ்பிஸ்கோ இந்தியாவுக்கே வந்தார். திரளான ஜனங்கள் கூடியிருந்தனர். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. ஸ்பிஸ்கோ மல்லாந்து கிடந்தார். இருவருக்கும் வயது ஏறக்குறைய ஐம்பது என்பதையும், மண்கோதா ஸ்பிஸ்கோவுக்குப் பழக்கமற்றது என்பதையும் நேர்மையோடு சொல்லிவிட வேண்டும். இருந்தும், ஐம்பதை நெருங்கிய உடம்பில் நெடுநேரம் தாங்கும் சக்தியோடு மின்வெட்டுப் போன்ற வேகமும் குன்றாதிருந்தது அபூர்வம். வயது ஏற ஏற முதலில் குறைவது வேகமே. விரைந்து சுருங்கும் தசையிழைகள்தாம் முந்தி மெலிகின்றன. விடாத கோதாப் பழக்கம் அவற்றைக் காத்தது என்பதே நம் அபிப்பிராயம்.

இக்காலத்துக் குஸ்தி வேறு. சர்வதேசப் போட்டியில் மூன்று நிமிடம் வீதம் இரண்டு சுற்றுகள். நடுவே முப்பது விநாடி ஓய்வு. எனவே இன்றைய பயிற்றுநர்கள் சிறுபொழுது கடுமையாக உழைத்து, சிறிது ஓய்ந்து, மீண்டும் உழைக்கும் முறையை நடுநாயகமாகக் கொள்கின்றனர். பழைய நீண்ட சாதகம் வீண் என்று சிலர் இதனால் முடிவு கட்டுகின்றனர். அது தவறு. ஒரு பிடிக்கும் அடுத்த பிடிக்கும் இடையே மூச்சை மீட்பது, பிராணவாயுவைப் பயன்படுத்தும் அந்த மிதமான சக்தியேயாகும். மண்கோதாவில் வளர்ந்த காசாபா ஜாதவ் 1952-இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில், பழக்கமற்ற மெத்தை விரிப்பின்மேல் நின்று வெண்கலப் பதக்கம் பெற்றார். 2016-இல் ரியோவில் சாக்ஷி மாலிக் வெண்கலம் வென்று, குஸ்தியில் ஒலிம்பிக் பதக்கம் பெற்ற முதல் இந்தியப் பெண்மணியானார்.

எடைப் பிரிவுகள் காமாவின் காலத்து மண்கோதாவில் இல்லாத ஒரு புதுச் சங்கடத்தையும் கொணர்ந்திருக்கின்றன. 2024-இல் பாரிஸில் வினேஷ் போகாட் இறுதிப் போட்டிக்குத் தேறிய பின்னர், 50 கிலோவுக்கு மேல் 100 கிராம் இருந்தமையால் விலக்கப்பட்டதை நாடறியும். உணவையும் நீரையும் ஒறுத்து ஒரே இரவில் எடை குறைப்பது, பயிற்சியால் வந்த பலத்தைப் பயிற்சிக் களத்திலேயே தொலைப்பதாகும். இரத்தம் தடிக்கிறது, வியர்வை நிற்கிறது, இருதயம் திணறுகிறது. இப்பழக்கம் கிராமப் போட்டிகள் வரையில் இறங்கியிருப்பதாக நாம் கேள்விப்படுவது கவலைக்குரியது.

1947-இல் தேசம் துண்டாடப்பட்டபோது காமா லாகூரிலிருந்தார். மோகினி சாலையில் அவர் வீட்டருகே ஹிந்துக் குடும்பங்கள் பல இருந்தன. அவர்களைத் தாக்க வந்த கும்பலை அவர் தம் சீடர்களுடன் வாயிலில் நின்று தடுத்தார் என்றும், அக்குடும்பங்கள் எல்லை சேரும் வரையில் தம் பொருளைச் செலவிட்டு உதவினார் என்றும் கூறுவர். எழுபது வயதை நெருங்கிய அந்த உடம்பு எவரையும் அடிக்கவேண்டியிருக்கவில்லை. அது அங்கே நின்றதே போதுமாயிருந்தது.

சமஸ்தானங்கள் மறைந்தபின் அவரை ஆதரிக்க அரசர்கள் இல்லை. ஆண்மக்கள் அனைவரையும் இளமையிலேயே பறிகொடுத்திருந்தார். பயிற்சி நின்றது, மூச்சுத் தொல்லையும் இருதய நோயும் பற்றின. பயிற்சியால் வந்த மாறுதல்கள் பயிற்சி நின்ற சில மாதங்களிலேயே ஒவ்வொன்றாக விடைபெற்றுச் செல்லும். ஒரு காலத்திய வீரமும் பிற்காலத்து இருதயத்துக்குக் காப்பாகாது. மருந்துச் செலவுக்கே முட்டுப்பாடு ஏற்பட்டது. எல்லைக்கு இப்பாலிருந்து ஜி.டி. பிர்லா பொருளுதவி செய்தார். பாகிஸ்தான் அரசாங்கமும் கொஞ்சம் உதவிற்று. தம்பி இமாம் பக்ஷின் புதல்வர்களான போலு சகோதரர்கள் அந்நாட்டில் குஸ்தியைத் தொடர்ந்து நடத்தினர். 1960 மே மாதம் லாகூரில் காமா காலமானார். ஐம்பதாண்டுகளுக்கு மேல் நீண்ட கோதா வாழ்வில் அவருடைய முதுகை எவரும் மண்ணில் பதித்ததில்லை.

மதகடிப்பட்டு வாலிபன் இப்போது நாளொன்றுக்கு நாற்பது பஸ்கி போடுகிறான். மாதம் பத்து வீதம் ஏற்றுவதாகக் கணக்கு எழுதி வைத்திருக்கிறான்; ஞாயிற்றுக்கிழமை ஓய்வு. சந்தையிலிருந்து திரும்பும் தகப்பனார் அவனுக்கென ஒரு கறவை மாடு பிடித்து வந்திருக்கிறார்.